ஆளுகிறவரிடம்தானே வழக்காட முடியும்?

இந்த முறை வந்த கடிதங்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: தேவன் ஆளுகிறார் என்றால் இத்தனை வேதனையும் தீமையும் ஏன்? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் தம்பியின் மகன் ஆறு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான். அடக்க ஆராதனையில் போதகர், "ஆண்டவருடைய தோட்டத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார்" என்றார். தம்பி அப்படியே எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வருவதே இல்லை. "பூ வேணும்னா அவரே ஒண்ணு உண்டாக்கிக்க வேண்டியதுதானே" என்கிறான். தேவன் சகலத்தையும் ஆளுகிறவர் என்று நான் நம்புகிறேன் அம்மா. அப்படியானால் அவனுக்கு என்ன பதில் சொல்வது?

உங்கள் தம்பி கேட்டது சரியான இறையியல் கேள்வி. தேவனுக்கு எந்தக் குறைவும் இல்லை, எதுவும் தேவைப்பட்டு அவர் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் சபை காலங்காலமாகப் போதித்து வருவது. அந்தப் பூ கதை வேதத்தில் இல்லை. யாரோ எப்போதோ சொன்னது, ஒரு அடக்க ஆராதனையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. சொல்கிறவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவன் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துவிட்டுச் சொல்வதில்லை.

இங்கே இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. "இதற்கும் மேலே தேவன் அரசாளுகிறார்" என்பது ஒன்று. "தேவன் இதை ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியும்" என்பது இன்னொன்று. முதலாவது விசுவாச அறிக்கை. இரண்டாவதைச் சொல்ல நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. முதலாவதைச் சொல்ல ஆரம்பித்து, பேச்சுவாக்கில் இரண்டாவதுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

யோபின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியும். பிள்ளைகளையும் உடைமைகளையும் பறிகொடுத்த யோபுக்குத் தெரியாது. 38-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேச ஆரம்பிக்கிறார். நட்சத்திரங்கள், கடல், காட்டுக்கழுதை, தீக்கோழி என்று என்னென்னவோ சொல்கிறார். சாத்தானோடு நடந்த அந்த உரையாடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடைசி வரைக்கும் யோபுக்குக் காரணம் தெரிவிக்கப்படவே இல்லை.

அவருடைய நண்பர்களுக்கோ எல்லாக் காரணமும் தெரிந்திருந்தது! முதல் ஏழு நாள் அவர்கள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். பேச ஆரம்பித்த பிறகு தேவனுடைய நீதி, மனுஷனுடைய பாவம், சிட்சையின் பயன் என்று அவர்கள் சொன்னதில் பாதியைப் பிரசங்க மேடையில் சொன்னால் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முடிவில் கர்த்தர் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசிடம் என்ன சொன்னார்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." தேவனை வழக்குக்கு இழுத்தவன் நிதானமாய்ப் பேசினான் என்று சான்றிதழ். தேவனுக்காக வக்காலத்து வாங்கினவர்கள்மேல் கோபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவனுடைய இறையாண்மையைப் பற்றி அழுத்திப் பேசியவர்கள் எல்லாம் துக்கம் தெரியாத மனிதர்கள் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. 1542-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைகாலத்தில் ஜெனீவாவில் சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினுக்கு ஒரு மகன் பிறந்து சிறிது நாட்களிலேயே இறந்துபோனான். கர்த்தர் எங்களுக்குக் கசப்பான காயத்தை உண்டாக்கியிருக்கிறார், ஆனாலும் அவரும் ஒரு தகப்பன், தம் பிள்ளைகளுக்கு எது நல்லதென்று அறிவார் என்று நண்பருக்கு எழுதினார். அதே வருஷம் செப்டம்பரில் விட்டன்பர்க்கில் இன்னொரு சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தரின் மகள் மக்தலேனா 13 வயதில் இறந்தாள். அவர் எழுதிய கடிதம் வேறு மாதிரி. அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததற்கு நானும் என் மனைவியும் நன்றிதான் சொல்ல வேண்டும், ஆனால் பாசம் விடமாட்டேன் என்கிறது, அழாமல் இருக்க முடியவில்லை, கிறிஸ்துவின் மரணத்தை நினைத்தாலும் இந்தத் துக்கம் முழுசாகப் போகவில்லை என்ற பொருளில் எழுதினார். இரண்டு பேரும் தேவன் ஆளுகிறார் என்பதில் ஒரு அங்குலம் பின்வாங்காதவர்கள். கால்வின் எழுதிய வாக்கியம் கடினமானதுதான். ஆனால் அவர் அதைத் தன் பிள்ளையைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டார். அந்த உரிமை தகப்பனுக்கு உண்டு. நாளைக்கே உங்கள் தம்பி அப்படி ஒரு வாக்கியம் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். அவன் சார்பில் நாம் சொல்ல முடியாது.

ஆகவே தம்பியிடம் பதில் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவன் கோபத்தை அவிசுவாசம் என்றும் நினைக்காதீர்கள். உலகத்தை யாரும் ஆளவில்லை, அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, செல்கள் தப்பாகப் பிரிந்தன, அவ்வளவுதான் என்றால் அவன் யார்மேல் கோபப்படுவான்? "தடுத்திருக்கலாமே" என்கிறவன், தடுக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் பேசுகிறான். ஆளுகிறவரிடம்தானே வழக்காட முடியும்? இறையாண்மைப் போதனையைத் துக்கப்படுகிறவனின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம். வேதத்தில் அது பெரும்பாலும் அவன் வாயைத் திறந்துவிடுகிறது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். தீமையை நீக்கக் கடவுளுக்கு விருப்பம் இருந்தும் முடியவில்லை என்றால் அவர் வல்லவர் இல்லை, முடிந்தும் விருப்பம் இல்லை என்றால் நல்லவர் இல்லை, இரண்டும் இருந்தால் தீமை எங்கிருந்து வந்தது என்று நண்பன் கேட்கிறான். இதற்குப் பதிலே கிடையாது என்கிறான். உண்மையா?

தம்பி, உங்கள் நண்பர் கேட்பது மிகப் பழைய கேள்வி. கிரேக்கத் தத்துவவாதி எபிகூருஸ் கேட்டதாக இதை நமக்குப் பத்திரப்படுத்திக் கொடுத்தவரே ஒரு கிறிஸ்தவர்தான், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய லக்தாந்தியுஸ். பிறகு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1779-ல், அவர் இறந்த பின் வெளிவந்த நூலில், இதையே மறுபடி கிளப்பினார்.

தர்க்கமாகவே பார்ப்போம். 1955-ல் ஜே. எல். மாக்கி என்ற தத்துவப் பேராசிரியர், வல்லமையுள்ள நல்ல கடவுள், தீமை இரண்டும் சேர்ந்து இருப்பது வெறும் முரண்பாடு, நான்கு மூலையுள்ள வட்டம் மாதிரி என்று வாதாடினார். 1970-களில் கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா அதற்குப் பதில் எழுதினார். சுயமாகத் தெரிந்தெடுக்கும் மனிதர்களைப் படைத்துவிட்டு, அவர்கள் எப்போதும் நன்மையையே தெரிந்தெடுக்கும்படி செய்துவிடுவது என்பது சர்வவல்லவராலும் முடியாத காரியமாக இருக்கக்கூடும், அது வல்லமைக் குறைவு ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்குப் பிறகு முரண்பாடு நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். 1982-ல், தான் இறந்த பிறகு வந்த நூலில், மாக்கியே அந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

உடனே ஜெயித்துவிட்டோம் என்று ஓடாதீர்கள். பிளாண்டிங்கா காட்டியது முரண்பாடு இல்லை என்பதை மட்டும்தான். தீமை ஏன் இருக்கிறது என்று விளக்குவதாக அவரே சொல்லிக்கொள்ளவில்லை. 1979-ல் வில்லியம் ரோ என்ற தத்துவவாதி கேள்வியை வேறு பக்கம் திருப்பினார். இடி விழுந்து காடு தீப்பிடிக்கிறது, ஒரு மான்குட்டி அதில் மாட்டி உடல் வெந்து பல நாள் கிடந்து துடித்துச் சாகிறது. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் பாடமில்லை, யாருடைய சுயாதீனமும் அதில் இல்லை. இப்படி எந்த நன்மைக்கும் உதவாத வேதனை இருக்கிறது என்று நம்புவது நியாயமா, இல்லையா என்றார். என் வகுப்பில் இந்த மான்குட்டியை எடுத்தாலே அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கடைசி வரிசை அமைதியாகிவிடும்.

காரணம் எனக்குத் தெரியவில்லை என்பதால் காரணமே இல்லை என்று ஆகாது என்பது ஒரு பதில். நல்ல பதில்தான், யோபு 38 சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அதை வைத்து மானின் வலி குறைந்ததுபோல் பேசக் கூடாது. உங்கள் நண்பரிடம், பதில் உண்டு, ஆனால் அது கேள்வியை மூடிவிடுகிற பதில் இல்லை என்று சொல்லுங்கள். அவர் விட மாட்டார். அப்புறம் இன்னும் நல்ல வாக்குவாதம் நடக்கும்.

கேள்வி: எல்லாம் சாத்தானின் வேலை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

ஆதிச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனும் ஏறத்தாழ ஒன்பது வருஷம் அப்படித்தான் நினைத்தார். மானிக்கேயர்களின் போதனை அது. ஒளிக்கு ஒரு ராஜ்யம், இருளுக்குச் சரிக்குச் சமமாக இன்னொரு ராஜ்யம். பிறகு அதை விட்டு வெளியே வந்து, தீமை தனியாக நிற்கும் ஒரு பொருள் அல்ல, நன்மையின் குறைவு, கெட்டுப்போன நிலை என்று எழுதினார். யோபின் புத்தகத்தில் சாத்தான்கூட உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போகிறான். ஆகவே நீங்கள் சொல்வதில் பிரச்சினை தீராது, ஒரு படி தள்ளிப்போகும். உத்தரவு ஏன் கொடுத்தார் என்று உடனே அடுத்த கடிதம் எனக்கு வரும்.

கேள்வி: ஏசாயா 45:7-ல் "தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே" என்று கர்த்தர் சொல்கிறார். பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினவரும் அவரே. அப்படியானால் பார்வோன்மேல் என்ன குற்றம்? எங்கள் சபையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் சபையில் மட்டுமா? நெதர்லாந்தில் 1618-19-ல் தோர்த் மாமன்றம் என்ற சபை மாநாடு கூடியதே ஏறக்குறைய இந்தச் சண்டைக்காகத்தான். கால்வின் பக்கத்தாருக்கு எதிராக மனிதருடைய சுயாதீனத்துக்கு அதிக இடம் கொடுத்த இறையியலாளர் அர்மீனியுஸ் அதற்குச் சுமார் பத்து வருஷம் முன்பே இறந்துவிட்டார், அவருடைய சீடர்களைத்தான் விசாரித்தார்கள்.

ஏசாயாவின் வசனம் பெர்சியாவின் கோரேசு ராஜாவைப் பற்றிய பகுதியில் வருகிறது. யுத்தமும் சமாதானமும், ராஜ்யங்கள் எழும்புவதும் விழுவதும் வேறு எந்தத் தெய்வத்தின் கையிலும் இல்லை என்பது அங்கே பேச்சு. தேவன் பாவத்தைப் படைத்தார் என்று அதிலிருந்து எடுக்க முடியாது. பார்வோன் விஷயத்தில் யாத்திராகமத்தைப் பொறுமையாக வாசித்தால் ஒன்று தெரியும். சில இடங்களில் கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று இருக்கிறது, சில இடங்களில் அவனே கடினப்படுத்திக்கொண்டான் என்று இருக்கிறது. தவளைகள் ஒழிந்து கொஞ்சம் மூச்சு விட்டதும் அவன் செய்தது அதுதான். எழுதினவருக்கு இந்த இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகிறதாகத் தோன்றவே இல்லை.

யோசேப்பும் தன் சகோதரர்களிடம் அப்படித்தான் பேசுகிறான்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ… அதை நன்மையாக முடியப்பண்ணினார்." ஒரே சம்பவம், இரண்டு எண்ணங்கள். தேவன் நன்மையாக முடித்தார் என்பதற்காகச் சகோதரர்கள் செய்தது நன்மை ஆகிவிடவில்லை. 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இதே கயிற்றின்மேல்தான் நடக்கிறது. நடப்பதெல்லாம் தேவன் நியமித்ததே, ஆனாலும் அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, மனிதருடைய சித்தத்தின்மேல் பலவந்தமும் இல்லை என்கிறது. எப்படி இரண்டும் கூடும் என்று அது விளக்குவதில்லை. விளக்க முயன்றவர்களில் எனக்குப் பிடித்தவர் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். தேவன் முதற்காரணர், நாம் இரண்டாம் காரணர், இரண்டும் ஒரே தளத்தில் போட்டி போடுவதில்லை என்பார் அவர். கதாசிரியர் எழுதுவதால் கதாபாத்திரம் செய்தது அவனுடைய செயல் இல்லாமல் போகாது என்று வகுப்பில் சொல்லுவேன். அந்த உவமை ரொம்ப தூரம் ஓடாது, கதாபாத்திரத்துக்கு வலிப்பதில்லை என்று ஒரு மாணவி சட்டென்று பிடித்துவிட்டாள்.

என் சாய்வைக் கேட்டால், கால்வின் பக்கம்தான். அனுமதித்தார் என்று சொல்லிவிட்டால் தேவன் தப்பித்துக்கொள்வார் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தடுக்க முடிந்தும் அனுமதித்தவரும் பொறுப்பாளிதானே? அதற்காக அர்மீனியக் கட்சிக்காரர்களோடு பந்தி பிரித்து உட்காராதீர்கள். அவர்கள் காப்பாற்ற நினைப்பது தேவனுடைய நற்குணத்தை. அது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி: பூகம்பம், சுனாமி வந்தால் அந்த ஊர் பாவத்துக்குத் தண்டனை என்று சிலர் காணொளி போடுகிறார்களே?

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள், காலை நேரம். போர்ச்சுகலின் லிஸ்பன் நகர ஆலயங்களில் கூட்டம், பீடங்களில் மெழுகுவர்த்தி எரிகிறது. பூமி குலுங்கியது, கூரைகள் ஜனங்கள்மேல் விழுந்தன. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் அலை வந்து அடித்தது, மீதியிருந்த நகரத்தைத் தீ தின்றது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். இருக்கக்கூடியதிலேயே சிறந்த உலகம் இதுதான் என்று 1710-ல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிஸ் எழுதியிருந்த வாதத்தை பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் கேலி செய்யக் கிளம்பியது இதற்குப் பிறகுதான்.

மலக்ரிதா என்ற இயேசு சபைக் குரு, இது பாவத்துக்கு வந்த தண்டனை, மனந்திரும்பி ஜெபம் பண்ணுங்கள் என்று துண்டுநூல் வெளியிட்டார். அமைச்சராக இருந்த பொம்பாலோ இடிபாடுகளை அகற்றுவதிலும் நகரத்தைத் திரும்பக் கட்டுவதிலும் இருந்தார். குலுக்கம் எத்தனை நேரம் நீடித்தது, கடல் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேள்விப்பட்டியல் ஒன்று நாடெங்கும் பங்குக்குருக்களுக்குப் போனது. பூகம்ப ஆராய்ச்சியின் தொடக்கங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். பொம்பால் நல்லவர் என்று சொல்ல வரவில்லை, மலக்ரிதாவைக் கடைசியில் சாகடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தக் கேள்விப்பட்டியலில் இருந்த பக்தி அந்தத் துண்டுநூலில் இல்லை என்பது என் எண்ணம்.

லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். செத்தவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரைப் பார்க்கிலும் குற்றவாளிகளோ? அப்படியல்லவென்று சொல்லுகிறேன் என்கிறார். காணொளி போடுகிறவர்கள் அந்த அதிகாரத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள் போலிருக்கிறது.

கேள்வி: முன்வினைப் பயன் என்கிற விளக்கம் இதையெல்லாம்விடத் தெளிவாக இல்லையா?

தெளிவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வேதனைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்றால் மனசுக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது இயேசு இரண்டையும் தள்ளிவிட்டு, உமிழ்ந்து சேறுண்டாக்கி அவன் கண்களில் பூசப் போய்விட்டார். கிறிஸ்தவர்களாகிய நாமும் "என்ன பாவம் செய்தாரோ" என்று வாய்தவறிச் சொல்கிறோமே, அதை முதலில் நிறுத்துவோம்.

கேள்வி: தேவனும் நம்மோடு பாடுபடுகிறார் என்று சொன்னால் போதாதா? அவர்மேல் கோபப்பட்டு ஜெபம் பண்ணுவது பாவமா?

முதல் பாதிக்கு முதலில். ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1943-ல் ஹாம்பர்க் நகரத்தின்மேல் குண்டு விழுந்தபோது பதினேழு வயதுப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் செத்தான், இவர் பிழைத்தார். "என் தேவனே, நீர் எங்கே?" என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கூப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார். சிலுவையில் அறையுண்ட தேவனைப் பற்றி 1972-ல் அவர் எழுதிய நூலுக்கு அந்த இரவுதான் வேர். அவரிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் கூடவே அழுகிறவர் மட்டும் போதாது. லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார், சரி. அங்கேயே கல்லை எடுத்துப்போடுங்கள் என்றும் சொன்னார். இரண்டில் ஒன்றை விட்டாலும் அது வேறு கதை.

கோபத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் நோயாளிகளோடு ஜெபிக்கப் போய்வந்த காலத்தில் ஒரு பாட்டி இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையில் புண் வைத்து, புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். நான் வேதத்தைத் திறந்து, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பித்தேன். பாட்டி கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "அது வேணாம்மா. அவரைத் திட்டுற சங்கீதம் ஒண்ணு இருக்குமே, அதைப் படி." 88-ஐ வாசித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் "ஆமா", "அதுதான்" என்று சேர்த்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் தண்ணீர் கேட்டார்.

அந்தச் சங்கீதம் மற்றப் புலம்பல்களைப்போலக் கடைசியில் துதியாக மாறுவதில்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்று தேவனிடமே குற்றம் சொல்லி, அப்படியே நின்றுவிடுகிறது. இதைப் பாவம் என்று நினைத்திருந்தால் அதைத் தொகுத்தவர்கள் தூக்கிப்போட்டிருப்பார்கள். கத்தோலிக்கத் துறவியரின் ஜெபப் புத்தகத்தில் இது வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்தில் வருகிறது. ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் வருஷத்துப் பொது ஜெபப் புத்தகம் பெரிய வெள்ளி மாலைக்கு இதை வைத்திருக்கிறது. உங்கள் சபையில் இதைக் கடைசியாக எப்போது வாசித்தார்கள் என்று போதகரிடம் கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இல்லையென்றால், அடுத்த முறை வேதபாடம் வாசிக்கும் முறை உங்களுக்கு வரும்போது நீங்களே எடுத்து வாசித்துவிடுங்கள்.